சாரலில் எடுத்த ரன்

மைதானத்து அறையைக் காலையில் திறந்ததும் சுருட்டி வைத்த நார்ப்பாயின் ஈர வாடை முகத்தில் அடித்தது. பிட்ச்சில் விரிக்கிற அந்தப் பாயை நீயும் நானும் ஆளுக்கொரு முனை பிடித்துக் காயப்போட இழுத்துப் போவோமே. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிற மாதங்களில் நம் குத்துக்கல்வலசைக்கு வெயில் விருந்தாளிதான். அரை ஈரத்தோடே விரித்துவிட்டு ஆடுவோம்.

பட்டாளத்தில் உனக்கு லீவு சாரலுக்குத்தான் கிடைக்கும். ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலைகூடத் துவட்டாமல் வந்து மட்டையைப் பிடிப்பாய். அதனால் கடைசிவரை நம் சாரல் கோப்பையில் மட்டுமே ஆடினாய். வீரகேரளம்புதூரில் காய்ந்த தரையில் நடக்கிற பொங்கல் கோப்பைக்கு ஒரு தடவைகூட வரவில்லை. ஸ்கோர் எழுதுகிறவன் நான். எனக்கா இது தெரியாது?

கிளப்பின் வெள்ளிவிழாவுக்குச் சிறந்த மட்டையாளர்கள் ஐந்து பேரைப் பலகையில் எழுதத் தீர்மானித்தார்கள். கணக்கு என் பொறுப்பு. இரண்டு கோப்பைகளையும் ஒன்றாய்ப் போட்டுச் சராசரி எடுத்தேன். நீ கீழே எங்கேயோ கிடந்தாய். ஈரப்பாயில் எடுத்த ரன்னையும் காய்ந்த தரையில் எடுத்த ரன்னையும் ஒன்றாய் எண்ணுவது சரியில்லை என்று அப்போதே உறைத்தது. ஆனால், லீவில் வந்த நாலு வாரமும் ஊரே உன்னைப் பார்த்துக் கைதட்டும். வருஷம் முழுக்கப் பாய் சுருட்டியவனை எவன் பார்த்தான்? அந்தக் கடுப்பு எனக்கு. கணக்கை அப்படியே விட்டுவிட்டேன்.

நீ ஓய்வுபெற்று வந்திருந்த சமயம். பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தாய். சுற்றிலும் பையன்கள்.

“சாரல்ல பந்து நின்னுல்லா வரும். அதையும் பாத்தியாலே?” என்று மெதுவாகத்தான் கேட்டாய்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றேன்.

பையன்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதோடு மைதானத்துப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாய். கூப்பிட்டால் முட்டு வலி என்பாய். நானும் நம்பினேன், நம்புவது சௌகரியமாக இருந்தது. அடுத்த சாரலுக்கு நீயே இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்க்கவில்லை.

இந்த வருஷச் சாரல் கோப்பைக்கு நம் பலகையின் முதல் பெயர்க்காரன் வந்திருந்தான். பொங்கலுக்குப் பந்தை மதில் தாண்டி அனுப்புகிறவன். ஈரப்பாயில் பந்து நின்று வந்ததும் முந்திக்கொண்டு மட்டையை வீசி, ஆட்டத்துக்கு ஆட்டம் கையில் கேட்ச் கொடுத்துவிட்டுப் போனான். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, நீ ஆடிய சாரல்களில் மற்றவர்கள் எடுத்ததை மட்டும் தனியாகக் கூட்டினேன். அவர்கள் சராசரி உன்னுடையதில் பாதிகூட வரவில்லை. பொங்கல் கோப்பையில் எந்தச் சூரனும் தன்னோடு ஆடியவர்களை விட்டு இவ்வளவு தூரம் மேலே போனதில்லை. பாவி நான், ஒரு சாயங்காலத்து வேலை இது. நீ இருக்கும்போது செய்திருக்கலாம்.

கமிட்டியில் சண்டை போட்டு உன் பெயரைப் பலகையின் தலையில் எழுத வைத்தேன். பார்ப்பதற்கு உன் சம்சாரம் பிள்ளைகளோடு வந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அவியளுக்கு மனசுல ஏதோ ஒரு குறை இருந்துச்சு அண்ணாச்சி. என்னன்னு கடைசி வரைக்கும் சொல்லல. நீங்க ஒருத்தராவது அவியள சரியாப் பாத்தியளே” என்று கும்பிட்டாள்.

அந்தக் குறையே நான்தான் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, “இருக்கட்டும் மதினி” என்றேன்.

ஆக, நீ என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. உன் வீட்டில்கூட. இப்போதும் தென்காசிக் கடைத்தெருவில் கண்டால் மதினி நின்று நலம் விசாரிக்கிறாள். அப்பாவின் பெருமையை ஊருக்குக் காட்டிய சிநேகிதர் என்று பிள்ளைகளிடம் என்னைச் சொல்கிறாள். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வருகிறேன்.