மணி அடிக்காமல் இறங்கிய சாவி

என் ருக்கு அக்காவுக்கு,

நீ கண்மூடி ஓராண்டு ஆகிவிட்டது. ரங்கூன் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் உன் நான்காம் மாடி வீட்டில் இப்போது நான்தான் இருக்கிறேன். கியாக்தான் ஊரில் இருந்த என் ரோட்டோரக் கடையை மூடிவிட்டேன். பஸ்ஸைக் கண்டால் கூவிக் கூவி வடை விற்ற இந்தத் தொண்டைக்கு இங்கே வேலையே இல்லை.

உன் கயிறு இன்னும் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் தொங்குகிறது. ரங்கூன் மாடிவீட்டு வழக்கம்தான். வருகிறவர்கள் கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும், ஆளைப் பார்த்துவிட்டு, தெருவாசல் சாவியைக் கயிற்று நுனியில் மாட்டி இறக்குவோம். நீ மட்டும் முதல் மணிக்கு எழுந்ததே இல்லை. விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோரம் மூச்சடக்கி நிற்பாய். இன்னொரு மணி அடித்து, நான் உன் பேரைச் சொல்லிக் கத்தினால்தான் எட்டிப் பார்ப்பாய்.

"திருடி மாதிரி ஏன் ஒளியிற?" என்று கேட்பேன்.

"உனக்கென்னடி, நீ ரோட்டுல நாலு பேரோட நிக்கிறவ. இங்க தனியா இருந்து பாரு" என்பாய்.

நான் கேட்டேனா? பிறவிக்குணத்தை மட்டை வைத்துக் கட்டினாலும் போகாது என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

அதனால்தான் நீ மார்வலியில் போன அன்று நடந்தது எனக்குப் புரியவேயில்லை. வழக்கம்போலப் புதன்கிழமை காலை வடையோடு வந்தேன். சாவி ஏற்கெனவே கீழே, என் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே வந்தால் நீ பால்கனிக் கதவோரம் நாற்காலியில், கை மட்டும் வெளியே நீண்டபடி. முகம் பார்க்காமல் சாவி இறக்காதவள், யாருக்கு இறக்கினாய்? வந்தவர் யார்? எங்கே போனார்? இந்த ஓராண்டும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இங்கே வந்த புதிதில் மணி அடித்தால் "யாரது?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்துவேன். பிறகு பார்த்தேன், வேறு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. காலம் அப்படி அக்கா. கரண்டும் பாதி நாள் இருப்பதில்லை. படியில் காலடி ஏறி வருகிறது, மூன்றாம் மாடியில் நிற்கிறது, அப்புறம் எந்தக் கதவும் திறப்பதில்லை.

ஒரு மத்தியானம் மணி அடித்தது. போய்ப் பார்த்தேன், தெருவில் ஈ காக்கை இல்லை. காற்றும் இல்லை. கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் சில தடவை அப்படியே நடந்த பிறகு, மணிச் சத்தம் கேட்டதும் என் கை தானாக சுவிட்சுக்குப் போனது.

ஆனாலும் நான் நான்தானே. நீ வெறுங்கையோடு நின்றாய், நான் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். நீ பயந்தால் வாயடைத்துப்போவாய், நான் பயந்தால் சண்டைக்கு நிற்பேன் என்று அதிலும் எனக்கொரு பெருமை. எப்போது குழவியை எடுக்க மறந்தேன் என்று தெரியவில்லை. சுவரில் உன் தோள் பட்டுப் பட்டுக் கறுத்த இடம் இருக்கிறதே, என் தோள் சரியாக அங்கே பொருந்துகிறது. நான் உன்னைவிட உயரமில்லையா?

பக்கத்து வீட்டு டோ மியா படியில் பார்க்கும்போதெல்லாம் என்னைப் பர்மிய மரியாதை சேர்த்து "மா ருக்கு" என்று கூப்பிடுகிறார். முன்பு நாக்கைக் கடித்துக்கொள்வார், இப்போது அதுவும் இல்லை. நானும் என்ன என்று கேட்டுத் திரும்புகிறேன்.

போன வாரம் நல்ல மழை. விமான நிலையத்துப் பக்கம் மிங்கலாடோனிலிருந்து என் மகள் மீனா கைக்குழந்தையோடு வந்து கயிற்றை இழுத்தாள். நான் உன் இடத்தில் நின்றேன். குழந்தை அழுவது கேட்டது அக்கா, கால் நகரவில்லை. அவள் மறுபடி இழுத்து "அம்மா" என்று கத்திய பிறகுதான் சாவியை இறக்கினேன்.

குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டே சொன்னாள். "நீங்க பெரியம்மாவாவே ஆயிட்டீங்கம்மா. ஞாயித்துக்கிழமை வர்றேன். அன்னிக்கும் நிக்க வெச்சீங்கன்னா, இனிமே வர மாட்டேன்."

கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் என்னைக் கலக்கிவிட்டது.

அவள் போனதும் டோ மியாவிடம் அழுதேன். நீ யாருக்குச் சாவி இறக்கினாய் என்பதையும் அன்றுதான் அவரிடம் வாய்விட்டுக் கேட்டேன். அவர் என்னை என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"மா செல்வி, அன்னைக்கு மணியே அடிக்கல. அடிச்சா என் வீட்டுலயும் கேட்கும். துணி காயப்போட வந்தேன். சாவி மெதுவா இறங்கிச்சு, கயிறு நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. நீதான் கீழே நிக்கிறேன்னு குனிஞ்சு பார்த்தேன். யாருமில்ல."

இப்போது புரிகிறது. மார்வலி வந்ததும் உனக்குத் தெரிந்துவிட்டது, நான் வந்து இழுக்கும்போது இறக்க ஆள் இருக்காதென்று. நான் தெருவில் நின்று கத்தக் கூடாதென்று நினைத்தாய். உன்னைச் சுவரோரம் நிறுத்தி வைத்த அதே முன்யோசனைதான் அன்று சாவியையும் இறக்கியது. அவ்வளவு பயந்தவள், யாரும் நிற்காத தெருவுக்கு வாசலைத் திறந்துவிட்டாய். உன்னைக் கேலி செய்த என் வாயை என்ன செய்ய?

நாளை ஞாயிறு. முதல் மணிக்கே சாவியை இறக்குவேன் அக்கா, விளக்கும் எரியும், இது உனக்கு என் வாக்கு. எட்டிப் பார்த்து, கீழே யாருமில்லாமல் கயிறு மட்டும் ஆடினாலும் இறக்குவேன். நீயாக இருந்தால் மேலே வா.

உன் வாயாடித் தங்கச்சி,
செல்வி