கூழ்ப் பானையும் உன் கையெழுத்தும்

ஃபேர்லேண்ட்ஸ், சேலம்
மே 11

அன்புள்ள தேவிப்ரியாவுக்கு அம்மா எழுதுவது,

என் காபிக் கடையைப் பூட்டுவோம் என்று வந்த நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவள் நீ. மற்றபடி இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், பெங்களூரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, வெயில்தான் ஆளைக் கொல்கிறது. இந்த வெயிலில் உங்கள் கம்பெனி அனுப்பிய போஸ்டரில் மழை பெய்கிறது, ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் சூடாகச் சாக்லேட் குடிக்கிறாள். ஆபீஸ் இருக்கும் ஊரில் மழை என்றால் சேலத்திலும் மழையா? மதியம் ஒரு ஆள்கூட உள்ளே வரவில்லை. கடையில் வேலை செய்யும் ராசம்மாள்தான், "ஏனுங்க்கா, போஸ்டர்ல இருக்கற புள்ளைக்கே வேர்த்து ஊத்துமுங்க, நாம கம்மங்கூழ் வெச்சா என்னங்க" என்றாள். மறுநாளே பானையை வைத்தோம், மோர் மிளகாயோடு. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், கோச்சிங் கிளாஸ் பிள்ளைகள், வாசல்வரை வரிசை. கூழுக்கு வந்தவர்கள் உங்கள் காபியையும் வாங்கிப் போனார்கள், அது மட்டும் நோட்டீஸில் இல்லை.

வாடிக்கையாளர் மாதிரி வந்து சோதித்த உங்கள் ஆள் இரண்டு டம்ளர் கூழ் குடித்தான், இன்னொரு மிளகாய் வேண்டும் என்று கேட்டும் வாங்கினான், கம்பெனி மெனுவில் இல்லாததை விற்கிறோம் என்று போய் எழுதிவிட்டான். அவனைத் திட்ட மனம் வரவில்லை, அவனுக்கு மேலே நீ இருக்கிறாய், உனக்கு மேலேயும் யாரோ இருப்பார்கள், உன் வேலை போக வேண்டும் என்று எந்தத் தாய் நினைப்பாள். ஆனால் என் பணத்தைப் போட்டு உங்கள் கம்பெனியின் இந்தக் கிளையை எடுக்கச் சொன்னபோது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "இனி யாருக்கும் கை கட்டி நிக்க வேண்டாம்மா, நீதான் மொதலாளி" என்றாய். பதினாறு வருடம் ஜவுளிக்கடையில் உட்காராமல் நின்றவள், நம்பினேன். நட்டம் வந்தால் நான் முதலாளி, யோசனை வந்தால் வேலைக்காரி என்றால், அந்த ஜவுளிக்கடைக்காரரே தேவலை, அவர் என்னை முதலாளி என்று ஏமாற்றவில்லை.

பதினெட்டாம் தேதிக்குள் பானையை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட்டு என்று எழுதியிருக்கிறாய். நான் எடுக்கப் போவதில்லை. நீ நல்லா இருக்கோணும் சாமி, அங்கே மழையில் வண்டி ஓட்டாதே, ரெயின்கோட்டை மறக்காதே. பதினெட்டாம் தேதி வேறு ஆளை அனுப்பாதே. மதியம் ஒரு மணிக்கு நீயே வா. வரிசையில் நிற்கிறவர்கள் பார்க்க, அந்தப் பானையை உன் கையால் தூக்கு.

இப்படிக்கு உன் அம்மா,
கோகிலவாணி