சர்வர் தூங்கிய இரண்டு நாட்கள்

செல்லூர், மதுரை
அக்டோபர் 7

அன்புள்ள பவாவுக்கு,

இங்கே நான் நலம், அங்கே நீ நலமா என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் இந்தக் கவரைப் பிரித்ததுமே உள்ளே இன்னொரு பழுப்புக் கவர் இருப்பதைப் பார்த்திருப்பாய். அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு முதலில் இதைப் படி. ஆமாம், வந்ததா வந்ததா என்று நீ மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகப் போனில் கேட்ட அதே கவர்தான். உன் மருத்துவமனையின் சென்னை அலுவலகம் இன்னமும் உன் தபாலையெல்லாம் நம் வீட்டு முகவரிக்கே அனுப்புகிறது. ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதியே வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான். மூன்று முறையும் வரவில்லை என்று சொன்னவனும் நான்.

பிரித்துப் படித்தேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு தாள். அந்தமான் பக்கத்துத் தீவில் இன்னும் மூன்று வருடம் நர்சாக இருக்க விருப்பம், விருப்பமில்லை என்று இரண்டு கட்டங்கள். கீழே பொடி எழுத்தில், அக்டோபர் இருபதுக்குள் பதில் வராவிட்டால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்ளப்படும் என ஒரு வரி. அந்த வரியை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. நான் எதுவுமே செய்ய வேண்டியதில்லை பவா. சும்மா இருந்தால் போதும். ஜனவரியில் நீ பெட்டியும் கையுமாக வந்து இறங்கிவிடுவாய். தபால்காரர் மேலே பழியைப் போட்டுவிட்டு நானும் உன்னோடு சேர்ந்து உச்சுக்கொட்டியிருப்பேன்.

நன்றாகத் திட்டிக்கொள். திட்டி முடித்துவிட்டு மேலே படி. இப்போது ஏன் அனுப்புகிறேன் என்று சொல்ல வேண்டுமானால், கல்லூரிக் கதையைத்தான் சொல்லியாக வேண்டும்.

என் பிழைப்பு உனக்குத் தெரியாததில்லை. சோழவந்தான் ரோட்டில் ஒரு கல்லூரி, நூற்றுப்பத்து வாத்தியார்கள், கம்ப்யூட்டர் பார்க்க நான் ஒருத்தன். போன மாதம் லைப்ரரி மாயக்காள் மேடம், கம்ப்யூட்டருக்குள் தூசி போகிறது என்று பூவேலை செய்த ஓர் உறை தைத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குச் சட்டை மாட்டுகிற மாதிரி மாட்டிவிட்டார். அது மூச்சுமுட்டிப் படுத்துவிட்டது. நல்ல வேலைப்பாடு என்று பாராட்டிவிட்டு, பின்பக்கம் மட்டும் கத்தரித்துக் கொடுத்தேன். இயற்பியல் அசோக்குமார் சார் பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பார். முதல் பெஞ்சுப் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். வரலாற்றுத் துறையில் டீ போடும் கெட்டிலுக்கு இடம் வேண்டும் என்று வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நெட் வரவில்லை என்று எனக்கே போன் செய்தார்கள். மூன்று மாடி ஏறிப் போனேன். டீ கொடுத்தார்கள், குடித்தேன். என்ன செய்ய?

இதற்கெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை. ஒன்றே ஒன்றுக்குத்தான் வரும். என்ன செய்தீர்கள் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில். "நான் ஒண்ணுமே பண்ணலை தம்பி, அதுவாப் போயிருச்சு." எதைத் தொட்டோம், எதைப் பிடுங்கினோம் என்று உள்ளதைச் சொன்னால் இரண்டு நிமிட வேலை. சொல்ல மாட்டார்கள். நான் ஒவ்வொரு வயராகத் தடவிக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை கல்லூரியில் ஆயுத பூஜை. மறுநாளும் அதற்கு மறுநாளும் லீவு என்பதால் முன்கூட்டியே கும்பிட்டுவிடுவது வழக்கம். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சந்தனப் பொட்டு, ஜெராக்ஸ் மெஷினுக்கு மாலை, லேப் வாசலில் பூசணிக்காய். மழை வேறு பிடித்துக்கொண்டது. நான் பொரி பொட்டலத்தோடு மூன்று மணி பஸ்சைப் பிடித்து வந்துவிட்டேன்.

புதனும் வியாழனும் எப்படி இருந்தன என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? என் போன் அடிக்கவே இல்லை. இந்த வேலைக்கு வந்த ஏழு வருடத்தில் அப்படி இரண்டு நாட்கள் நான் பார்த்ததில்லை. அதைவிட அதிசயம், நம் தெருவில் தறிச் சத்தம் இல்லை. நீதான் கல்யாணமான புதிதில், இந்தத் தறிச் சத்தத்துக்குள் நீங்கள் எப்படித்தான் தூங்குகிறீர்களோ என்று கேட்டாயே. அன்றைக்கு எல்லாத் தறிக்கும் பொட்டு வைத்து நிறுத்திவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ செம்பைக் கீழே வைக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. மழைத்தண்ணீர் ஓட்டிலிருந்து சொட்டுவது கேட்டது. எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு எப்போது வந்தது என்று தெரியாமல் வந்து, வியாழன் பகல் முழுக்கத் தூங்கினேன்.

கனவில் எங்கள் கல்லூரி முழுவதும் வெற்றிலைக் கொடிக்காலாக இருந்தது. கேபிள் எல்லாம் அகத்தி மரங்களில் கொடி கொடியாக ஏறியிருந்தது. பச்சை வெளிச்சம். தரையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். கையில் அள்ளிப் பார்த்தால் உப்புக் கரித்தது. வைகையில் உப்புத் தண்ணீர் எப்படி வரும் என்று நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே நீ நர்ஸ் உடுப்பில் வந்தாய். வரிசையாக இருக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டர் மேலும் கையை வைத்துக் காய்ச்சல் பார்த்துக்கொண்டே வந்தாய். எதற்கும் அவசரப்படவில்லை. என்னிடம் வந்ததும், என்ன செய்கிறது என்று கேட்டாய். ஒன்றும் செய்யவில்லை என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, என் நெற்றியைத் தொடாமலே அடுத்த வரிசைக்குப் போய்விட்டாய். கூப்பிடலாம் என்றால் எனக்கு உன் பேர் மறந்துபோயிருந்தது. விழித்தபோது விளக்கு வைக்கிற நேரம். அந்த ஈரம் இரண்டு நாள் காலிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை போனால் சர்வர் செத்துக் கிடக்கிறது. சர்வர் என்றால் என்ன என்று நீயும் முன்பு கேட்டிருக்கிறாய். எல்லோருடைய கணக்கும் பாடமும் மதிப்பெண்ணும் சேர்ந்து இருக்கிற பெரிய பெட்டி. பவர் போனால் தாங்குவதற்கு அதன் பக்கத்தில் ஒரு யூ.பி.எஸ் பேட்டரி. அதிலும் உயிர் இல்லை. திங்கட்கிழமை பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டிய உள்மதிப்பீட்டு மதிப்பெண்கள் மொத்தமும் அதற்குள்தான். பிரின்சிபால் ஆள் மேல் ஆள் அனுப்புகிறார். செவ்வாய்க்கிழமை மழையில் இடி விழுந்ததா, உள்ளே ஏதாவது எரிந்துவிட்டதா, தெரியவில்லை. தெரியாமல் கரண்டைக் கொடுத்தால் மிச்சம் இருப்பதும் போய்விடும். யாராவது அறைக்குள் வந்தீர்களா, எதையாவது தொட்டீர்களா என்று ஒரு துறை விடாமல் கேட்டேன். ஒருத்தரும் ஒன்றுமே பண்ணவில்லையாம். ஆபீஸில் டைப் அடிக்கிற முனீஸ்வரி, அந்த அறைக்கும் அவள்தான் பூஜை போட்டவள், அவளையும் கேட்டேன். "நான் ஒண்ணும் பண்ணலண்ணே" என்றாள். சனிக்கிழமை மத்தியானம் வரை ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் பேட்டரிக்குப் பின்னால் குனிந்து டார்ச் அடித்தால் வயர் பிடுங்கப்பட்டுக் கிடக்கிறது. வயரின் முனையில் குங்குமம். இரண்டு விரல் பதிந்த மாதிரி அச்சாக இருந்தது.

முனீஸ்வரியை வரச்சொன்னேன். கத்தினேன் பவா. நான் யாரையும் அப்படிக் கத்தியதில்லை. "ஏம்மா, அறிவிருக்கா உனக்கு? நான்தான் கழட்டுனேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிச்சுச்சா? ரெண்டு நாளா நாய் மாதிரி அலையவிட்டு வேடிக்கை பாத்தியா?" என்று கேட்டேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள். "வருசம் பூரா கத்திக்கிட்டே ஓடுதேண்ணே. எங்க வீட்டுல அருவா மம்பட்டியக்கூட அன்னைக்குத் தொட மாட்டாக. இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு, ஒருநா தூங்கட்டுமேன்னு பூசை முடிச்சு மெயின அமத்துனேன். அந்தப் பேட்டரி கீக்கீன்னு அழுக ஆரம்பிச்சிருச்சு. பூசையன்னைக்கு இதென்ன அழுகைன்னு வயரப் புடுங்கிட்டேன்." மெயினை மட்டும் வெள்ளிக்கிழமை காலையில் வந்ததும் போட்டுவிட்டாளாம். வயரைப் பற்றி நினைவே இல்லை. நினைவு வந்தபோது நான் எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பியிருந்தேன். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "பயந்துட்டேண்ணே. சொல்லாம விட்டா அதுவாச் சரியாயிரும்னு பாத்தேன்" என்றாள்.

என் தோள்பை அங்கேயே நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பைக்குள் உன் கவர். நாற்பது நாட்களாகத் தினமும் கல்லூரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகிறேன். வீட்டில் வைத்தால் உன் அம்மா வரும்போது கண்ணில் பட்டுவிடும் என்று பயம். இவளைப் போய்க் கத்தினேனே என்று கூசிப்போனது. போம்மா, முகத்தைக் கழுவிவிட்டு வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டேன்.

மதிப்பெண் எதுவும் போகவில்லை. கையால் நிறுத்தியது என்று தெரிந்ததும் எனக்கு வேலை சுலபம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஓடத் தொடங்கிவிட்டது. வயர் கழன்றிருந்தது என்று பிரின்சிபாலிடம் சொன்னேன். யார் கழற்றியது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிறு. நீ கேட்டாய், கவர் வந்ததா என்று. நான் மறுபடியும் வரவில்லை என்றுதானே சொன்னேன். அவ்வளவு நடந்த பிறகும்! உன் பின்னால் போனுக்காக ஆட்கள் வரிசையில் நிற்கிற சத்தம் கேட்டது. அந்த இரண்டு நிமிடத்துக்குள் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்று சென்னை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். தாமதம் உன்னுடையது இல்லை, வீட்டில் நான் வைத்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டேன். போனை எடுத்த அம்மாள் ஏதோ தாளைப் புரட்டினார். பிறகு, நவம்பர் பதினைந்துக்குள் கையெழுத்துப் போட்ட தாள் வந்து சேர்ந்தால் போதும் என்றார். பெயரையும் குறித்துக்கொண்டேன், திலகவதி. இது ஸ்பீட் போஸ்ட்டில் போர்ட்பிளேருக்கு வந்து, உங்கள் வாரக் கப்பலைப் பிடித்தாலும் உனக்கு நாள் இருக்கிறது.

உன் அம்மா போன வாரம் சோழவந்தானிலிருந்து வந்திருந்தார்கள். முழங்கால் வலி தேவலை. "புள்ள தையிலயாச்சும் வந்துருவாளா மாப்ள?" என்று கேட்டார்கள். வந்துவிடுவாள் அத்தை என்று நான்பாட்டுக்குச் சொல்லிவிட்டேன். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். தூத்துக்குடியிலிருந்து வாங்கிவந்த கருவாடு கொஞ்சம் இருந்தது, கொடுத்தனுப்பினேன்.

உன் ஜூலைக் கடிதத்தை நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். கடல் கொந்தளித்துப் படகு வராத நான்கு நாளில் நீயே பிரசவம் பார்த்தது. அந்தப் பிள்ளையின் அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னது. முழுக்கப் புரியாவிட்டாலும் புரிந்தது என்று எழுதியிருந்தாய். கடிதத்தில் உன் எழுத்து அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. அப்போது இதெல்லாம் எனக்குக் கண்ணில் படவே இல்லை. ஜனவரிக்கு இன்னும் எத்தனை நாள் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் படகில் போகாதே என்று சொன்னால் கேட்கவா போகிறாய், லைஃப் ஜாக்கெட்டாவது போட்டுக்கொள். எந்தத் தீவில் இருந்தாலும் உன் கை பட்ட பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கட்டும், நீயும் நன்றாக இரு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைப் படித்ததும் எனக்குப் போன் செய்யாதே. எந்தக் கட்டத்தில் போடட்டும் என்று என்னிடம் கேட்காதே. கேட்டால் வந்துவிடு என்று சொல்லிவிடுவேன் பவா, வேறு எதுவும் சொல்ல எனக்கு வராது. நீயே படித்து, நீயே கையெழுத்துப் போட்டு, ஒட்டி, கப்பலில் ஏற்றிவிடு. கப்பல் கிளம்பிப் போய்விட்டது என்று தெரிந்த பிறகு போன் செய்.

என்றும் உன்
சூரியபிரகாஷ்