முழுசா மிதிச்சும் இழுக்காத கார்

புதன், இஷாத் தொழுகைக்குப் பிறகு.

மகளை ஸ்கூலிலயிருந்து ஏத்திக்கொண்டு வரக்குள்ள, நிந்தவூர் தாண்டி, நெல் மூட்டை ஏத்தின டிராக்டர் ஒண்டை முந்தப் பார்த்தன். எதிரில பஸ் தூரத்திலதான் வந்தது. எத்தனையோ தரம் அப்படி முந்தியிருக்கன். மிதிச்சவுடனே பாயிற கரண்ட் கார். இண்டைக்கு முழுசா மிதிச்சும் இழுக்கல்ல. டிராக்டர்காரர் மணலுக்குள்ள இறக்கி இடம் விட்டபடியால தப்பினம். மகள் கத்தினது காதுக்குள்ளயே நிக்குது.

வீட்டில இவர், "நீ பயத்தில காலை எடுத்திருப்பாய்" எண்டார். நான் எடுக்கல்ல. கார் வித்த கொம்பனிக்கு இவருக்கு முன்னாலயே கோல் எடுத்து, ஸ்பீக்கரில போட்டன்.

"ஓம் மிஸ், போன கிழமை காருக்குள்ள சொப்ட்வெயார் மாறினது. பெற்றரியைப் பாதுகாக்க இழுவையைக் கொஞ்சம் குறைச்சிருக்கு."

"எங்களுக்கு ஏன் சொல்லல்ல?"

"அது தானா நடக்கிறது மிஸ். ஸ்கிரீனில காட்டாது."

சொல்லாம இன்னும் என்னத்தையெல்லாம் மாத்தியிருப்பாங்களோ, யா அல்லாஹ். பிரேக்கிலயும் அவங்க கை வச்சா...

மகள் சோறும் சரியாத் தின்னல்ல. "நாளைக்கு நான் பஸ்ஸில போறன் உம்மா" எண்டு சொல்லிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டாள்.