பனிக்குக் கீழே இருபத்தைந்து ஏக்கர்

அஜின்கோர்ட்
18.02.1996

பிக்கரிங்கில் மகள் வீட்டில் கோபமாய் இருக்கும் என் மனைவிக்கு,

நேற்று மருமகன் துஷாந்தோடு ஹலிபேர்ட்டன் கவுன்ரிக்குப் போய், விலைக்கு வந்த இருபத்தைந்து ஏக்கர் காணியைப் பார்த்தேன். மண்ணை மட்டும் காணவில்லை. முழங்கால் அளவுக்குப் பனி கிடந்தது.

இந்தப் பதினாலாம் மாடி வீட்டுக்கு இனி வரமாட்டேன், மண் உள்ள இடத்துக்குத்தான் வருவேன் என்றுவிட்டுப் போனீர். அதற்காகத்தான் போனேன். ஆனால் மாசி மாதத்தில் காணி காட்டுகிறவனை எப்படி நம்புவது? நல்ல வெங்காயத்தை மேலே பரப்பி விற்கிற ஆட்களிடம் வாங்கி வாங்கித்தான் நான் வியாபாரி ஆனேன்.

கொண்டுபோன இரும்பு அலவாங்கால் ஒன்பது இடத்தில் நிலத்தைக் குத்தினேன். பனிக்குக் கீழே ஒரு சாண்கூட இறங்கவில்லை; முழுக்கக் கல்லோ என்று கேட்டேன்.

"மாமா, அரிசி மூட்டையே குத்திப் பாக்கிறியள்?" என்று துஷாந்த் சிரித்தான்.

"அது கல்லில்லை, உறைந்த மண்" என்றார் காணிக்காரக் கிழவர். வசதியான பதில். பக்கத்துக் காணிக்காரனைக் கேட்டேன். அவனும் அதையே சொன்னான். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு.

பிறகு, காணி உறுதிப் பத்திரத்தை யார் பேரில் எழுதுவது என்று கிழவர் கேட்டார். உம்முடைய சீதனக் காணியை விற்று நான் கனடா வந்த கதை அவருக்குத் தெரியாது. துஷாந்த் என் முகத்தைப் பார்த்தான். நான் சப்பாத்தில் இருந்த பனியைத் தட்டினேன்.

பேசி முடித்தது இதுதான். விலை முப்பத்தோராயிரம் டொலர். முற்பணம் ஒரு சதமும் இல்லை. வைகாசியில் பனி கரைந்தபின் உம்மைக் கூட்டிப்போய், நீர் கைகாட்டுகிற இடத்தில் குத்துவேன். ஒரு முழம் இறங்கினால் வாங்குகிறோம். உறுதி உம்முடைய பேரில் மட்டும்.

உம்முடைய மனுசன்