முட்டை ஊற்றாத வெங்காய வளையம்

தவக்கால வெள்ளி, இரவு.

சிதம்பரத்திலிருந்து தை மாதம் கல்யாணமாகி எங்கள் கிறிஸ்தவ வீட்டுக்கு வந்த என் மருமகள் தேவி இன்று வெங்காய வளையம் பொரித்தாள். மாவு ஒட்டாமல் கழன்று எண்ணெயில் தனியாக மிதந்தது. என் மகன் சிரித்தான், தடியன். அவள் முகம் வாடிவிட்டது.

“ஏம்மா, மாவுல முட்டை ஊத்தலையா?” என்றேன்.

“வெள்ளிக்கெழம நீங்க கவுச்சி தொட மாட்டீங்களே அத்தை, அதான் ஊத்தல.”

மகன் ஏதோ சொல்ல வந்தான். கண்ணைக் காட்டி அடக்கினேன்.

மீதி வளையங்களைத் துணியால் ஒற்றி, வெறும் மாவில் புரட்டி, பிறகு கரைத்த மாவில் தோய்த்துக் கொடுத்தேன். நன்றாக ஒட்டியது. நான் அவள் முதலில் பொரித்ததைத்தான் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கறியும் மீனும்தான் ஆகாது. முட்டை சாப்பிடுவோம். அவளிடம் எப்படிச் சொல்வது? ஈஸ்டர் வரை நானும் முட்டையைத் தொடப்போவதில்லை.