உன் அப்ளிகேஷன் விழவேயில்லை

காலையில் ஆபீஸ் மேசையில் உளுந்த வடையைக் கடித்தபடி பழைய கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் புது கிளஸ்டருக்கு, அதாவது சேர்ந்து வேலை செய்யும் புது கம்ப்யூட்டர் கூட்டத்துக்கு, மாற்றுகிறோம். எந்த வரியை யார் எப்போது திருத்தினார்கள் என்று பார்த்தாக வேண்டும். திரையில் உன் பெயர் வந்தது. நீ போய் ஒன்றரை மாதம் ஆகிறது. கீழே இருந்ததைப் படித்ததும் கடித்த வடையைத் தாளில் வைத்துவிட்டேன். நீ ஒரு வரியை நீக்கியிருந்தாய். அதை எழுதியவள் நான்.

சேர்ந்த புதிதில் இந்த விஷயம் என் மண்டையில் ஏறவே இல்லை. துறைமுகத்துக்குள் போகும் லாரிகளுக்கு கேட் பாஸ் கொடுக்கும் நம் மென்பொருள் பல சின்ன அப்ளிகேஷன்களின் கூட்டம்; அதில் ஒன்று உன் பொறுப்பு, ஒன்று என் பொறுப்பு. ஒவ்வொன்றும் கண்டெய்னர் என்ற தனித்தனி மென்பொருள் பெட்டிக்குள் ஓடுகிறது. ஒன்று நின்றால் கிளஸ்டர் தானே இன்னொன்றை எழுப்பிவிடும், ஆனால் அதற்கு முகவரி எண் வேறு. "அப்போ என்னோடது உன்னோடதை எப்படிக் கண்டுபிடிக்கும்?" என்று கேட்டேன். திரேஸ்புரத்து மீனவர் வீட்டுக்காரி நீ, சிரித்துவிட்டாய். "ஏளா, எங்க வள்ளம் இன்னைக்கு ஒரு இடத்துல கெடக்கும், நாளைக்கு வேற இடத்துல கெடக்கும். இடத்தையா மனப்பாடம் பண்ணுதோம்? பேரைச் சொல்லிக் கேட்டா கரையில கைகாட்டுவாவ." அப்படிக் கைகாட்டத்தான் கிளஸ்டரில் சர்வீஸ் என்று ஒன்று இருக்கிறது. அதன் பெயர் மாறாது. அதைக் கூப்பிட்டால், அந்த நேரத்தில் தயாராக இருக்கும் அப்ளிகேஷனிடம் கொண்டுசேர்க்கும்.

அன்று நன்றாகத் தலையாட்டினேன். பிறகு கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போக நாசரேத் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், ஒரு சோதனைக்காக, என் கோப்பில் சர்வீஸ் பெயர் இருந்த இடத்தில் உன் அப்ளிகேஷனின் எண்ணையே ஒட்டிவைத்தேன். வந்து மாற்றலாம் என்று நினைத்தவள் மறந்தே போனேன். உன்னுடையது ஒரு தடவைகூட நிற்காமல் ஓடியதால் என் வண்டவாளம் வெளியே வரவில்லை.

ஒரு நாள் நீ புது வெர்ஷன் போட்டாய். உன் அப்ளிகேஷன் ஒழுங்காக எழுந்து புது எண்ணில் உட்கார்ந்தது. என்னுடையது பழைய எண்ணையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கேட் பாஸ் வராமல் துறைமுகச் சாலையில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. மேனேஜர் எல்லோரையும் மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டபோது நான்தான் முந்திக்கொண்டேன். "அவ வெர்ஷன் மாத்துனா, அது விழுந்துட்டு" என்றேன். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். "சரி, நான் பாத்துக்கிடுதேன்" என்றாய். அரை மணி நேரத்தில் சரியானது. உனக்கு வரவேண்டிய டீம் லீட் பொறுப்பு அடுத்த மாதம் எனக்கு வந்தது.

அந்த அரை மணி நேரத்தில் நீ செய்தது இன்றுதான் தெரிகிறது. என் எண்ணை எடுத்துவிட்டு சர்வீஸ் பெயரைத் திரும்ப வைத்திருக்கிறாய். குறிப்பில் "முகவரி திருத்தம்" என்று மட்டும் இருக்கிறது, என்னைப் பற்றி ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றாயே, ஒரு வார்த்தை சொன்னாயா? மூன்று நாள் காய்ச்சலில் போயும் சேர்ந்துவிட்டாய். எனக்கு உன்மேல் ஆத்திரம்தான் வருகிறது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "அதான் முடிஞ்சு போச்சேம்மா. இனி அதைக் கிளறி யாருக்கு என்ன?" என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே நிற்கப் பிடிக்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"எனக்குத் தெரியும்ளா. அன்னைக்கே வந்து சொன்னா. 'அவ வேணும்னு செய்யலம்மா, மறந்துட்டா. தெரிஞ்சா தாங்கமாட்டா, நீ கேட்டுராத'ன்னா."

இத்தனை மாதமும் இந்த அம்மா எனக்குச் சோறு போட்டிருக்கிறார், உன்னை அடக்கம் பண்ணிய அன்று என் தோளில்தான் சாய்ந்து அழுதார்.

நீ சொன்னது சரிதான். தாங்க முடியவில்லை. உனக்கு வரவேண்டிய பொறுப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நாளைக் காலை, அன்று உன்னைப் பார்த்த அத்தனை பேரையும் அதே அறையில் கூப்பிட்டு உட்காரவைக்கப் போகிறேன். அவர்கள் என்னைப் பார்க்கட்டும்.